பாத மருத்துவம் பக்கம் வரலாமா? வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

வடசென்னையில் சர்க்கரை நோயாளி இல்லாத ஒரு தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். இந்த வீட்டில் இல்லையென்றால் எதிர்வீட்டில் இருப்பார். அதே தெருவில் கட்டைவிரலை எடுத்தவர் ஒருவர், முட்டிக்குக் கீழே காலையே எடுத்தவர் ஒருவர் என்றும் இருப்பார்கள். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கண்ணுக்கு டாக்டர் இருக்கிறார், பல்லுக்கு இருக்கிறார், முடி கொட்டினால்கூடப் போய் உட்கார ஒரு கிளினிக் இருக்கிறது. பாதத்தைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் பொடியாட்ரிஸ்ட்டைத் தேடினால்தான் ஆள் கிடைப்பதில்லை.

நான் பிசியோதெரபி படித்துவிட்டு ராயபுரம் பக்கம் ஒரு ஃபுட் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்டு வருகிற தம்பி, தங்கைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கும், நர்சிங்கோ பிசியோவோ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும்.

எதற்காக வருகிறார்கள்

முதல் காரணம், பலன் கையோடு தெரியும். ஆணிக்கால் வலியோடு நொண்டிக்கொண்டு படியேறி வருகிறவர், இருபது நிமிடம் கழித்து நேராக நடந்து வெளியே போவார். மருத்துவத்தில் இப்படி உடனே தெரிகிற வேலைகள் அதிகமில்லை. இரண்டாவது, பெரும்பாலும் நைட் டியூட்டி கிடையாது. குழந்தை வைத்திருக்கும் பெண்கள் பலர் இதற்காகவே வார்டு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். மூன்றாவது, போட்டி குறைவு. தெருவுக்கு ஒரு பிசியோ கிளினிக் வந்துவிட்ட காலத்தில் இதற்கு இன்னும் இடம் இருக்கிறது. தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ காலை எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் தனி ரகம். அவர்களிடம் காரணமே கேட்க வேண்டாம்.

வராமல் போவதற்கும் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் காலைத் தொடுவது நம் ஊரில் கீழான வேலை என்று பலர் மனதில் ஊறிப் போயிருக்கிறது. "இதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கும் கூச்சமாக இருக்கும். "ஐயோ கண்ணு, என் காலப் போய் மடியில வச்சிக்கினு, பாவம் வந்து சேரும்" என்று காலை உள்ளே இழுத்துக்கொள்வார். அழுகிய புண்ணின் வாடையும் இருக்கிறது. முதல் வாரம் சோறு இறங்காது, அப்புறம் பழகிவிடும். பழகாதவர்களும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு வேலை பார்க்கலாம்.

முதலில் போய் உட்கார்ந்து பாருங்கள்

பணம் கட்டிச் சேர்வதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஃபுட் கிளினிக்கில் அனுமதி கேட்டு, காலையிலிருந்து மதியம் வரை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இதற்கு வடசென்னை நல்ல இடம். 1954-ல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனை ராயபுரத்தில் இருக்கிறது, சர்க்கரைக் காலுக்கு நாடு முழுக்கப் பேர்போன இடம். பழைய ஜெயில் சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்று ஒரு திட்டமே கொண்டுவந்திருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் பாதப் பரிசோதனை நடக்கிறது. எல்லா இடத்திலும் சட்டென்று உள்ளே விட மாட்டார்கள். படிக்கும் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபம்.

உட்காரும்போது புண்ணை மட்டும் பார்க்காதீர்கள். யார் எந்தச் செருப்போடு வருகிறார், செருப்பில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எப்படி நடந்து வருகிறார் என்று கவனியுங்கள். பாதி நோய் வாசலிலேயே தெரிந்துவிடும். காசிமேட்டில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நிற்கும் மீன்காரம்மாவுக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண். லாரி ஓட்டுபவருக்கு இன்ஜின் சூடு ஏறி உள்ளங்கால் வெந்திருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. மணலி தொழிற்சாலைகளில் சேஃப்டி ஷூ போட்டு நிற்பவருக்குச் சுண்டுவிரல் மேலே ஆணி. சித்திரை வெயிலில் திருவொற்றியூர் கோயிலைச் செருப்பில்லாமல் சுற்றி வந்தவருக்குக் கொப்புளம். தரையில் படுத்துத் தூங்கியவரின் விரலை ராத்திரி எலி கடித்திருக்கும், காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

இவர்களில் பலரும் சொல்வது ஒன்றுதான்: "நோவவே இல்லப்பா." நோவு இருந்தால் மனிதன் தானாக டாக்டரிடம் ஓடுவான். நரம்பு மரத்துப்போன காலுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. வலிக்காத காலைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலையின் முக்கால் பங்கு. இதைச் சரியாகப் புரிய வைத்ததில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலை நோய் நேராகத் தின்பதில்லை, உணர்ச்சியில்லாத காலில் தொடர்ந்து விழும் அழுத்தமும் காயமும்தான் தின்கிறது என்று காட்டினார். அங்கே தொழுநோயாளிகளுக்காகச் செய்த மென்ரப்பர் செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்குத் தரும் எம்சிஆர் செருப்பு. புண் உள்ள காலுக்கு முழுதாக ஒட்டிப் போடும் மாவுக்கட்டையும் 1930-களிலேயே இந்தியாவில் ஜோசப் கான், இலங்கையில் மில்ராய் பால் என்ற மருத்துவர்கள் செய்து பார்த்திருந்தார்கள். அப்புறம்தான் அது அமெரிக்காவுக்குப் போனது.

எந்த வாசல் வழியாக நுழைவது

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பிரிட்டனில் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு, ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டு. முடித்து அரசுப் பதிவு பெற்றால்தான் பொடியாட்ரிஸ்ட் என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியும். அமெரிக்காவில் ஒரு பட்டத்துக்குப் பிறகு நான்கு ஆண்டு டிபிஎம் என்ற பாத மருத்துவப் படிப்பு, அதன்மேல் மூன்று ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி, முடித்தவர் பாதத்தில் அறுவை சிகிச்சையே செய்வார். இந்தியாவில் அப்படி ஒரே நேர்ப்பாதை இன்னும் உருவாகவில்லை. 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பொடியாட்ரிஸ்ட் என்ற பெயர் இடம்பெற்றுவிட்டது. அது நல்ல செய்தி. ஆனால் இன்றைக்கு இங்கே வேலை பார்க்கும் பெரும்பாலானோர் வேறொரு படிப்பு வழியாக வந்தவர்கள்தான்.

எம்பிபிஎஸ் முடித்தவர் சர்க்கரை நோய் அல்லது அறுவை சிகிச்சை வழியாக வரலாம், கத்தி எடுக்கும் முழு உரிமையும் அவருக்குத்தான். நர்சிங் படித்தவருக்குப் புண்ணைக் கழுவிக் கட்டும் கை ஏற்கெனவே பழகியிருக்கும். பிசியோ படித்தவருக்கு நடையும் தசையும் தெரியும். செயற்கைக் கால், தாங்கு கருவி செய்யும் பிபிஓ படித்தவருக்குச் செருப்பும் அச்சும் கைவந்த கலை. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தால் இதில் எதற்கும் போகலாம். பட்டத்துக்குப் பிறகு பாதப் பராமரிப்பில் சான்றிதழ்ப் பயிற்சியோ ஃபெலோஷிப்போ எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் உறுதியான ஒரு பட்டம், அதன்மேல் பாதம். பட்டம் இல்லாமல் வெறும் வார இறுதிச் சான்றிதழை நம்பிக் கையில் பிளேடு எடுக்கவே கூடாது. பயிற்சியில் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நான் என் கையால் எத்தனை கால் பார்ப்பேன்? பக்கத்தில் நின்று யார் சொல்லித் தருவார்? இந்தச் சான்றிதழை எந்தக் கவுன்சில் அல்லது பல்கலைக்கழகம் ஏற்கிறது? இதில் ஒன்றுக்காவது மழுப்பினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: இங்கே எடுக்கும் குறுகிய பயிற்சியை வைத்து அங்கே பொடியாட்ரிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது. ஏஜென்ட் என்ன சொன்னாலும் அந்த நாட்டுப் பதிவு அமைப்பின் இணையதளத்தை நீங்களே படித்துப் பாருங்கள்.

கை கற்றுக்கொள்ள வேண்டியது

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் மோனோஃபிலமென்ட்டில் தொடங்குங்கள். பார்ப்பதற்கு மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, கைப்பிடியில் செருகியிருக்கும். காசிமேட்டுக்காரர்கள் பார்த்ததும் சிரிப்பார்கள். அது வளையும்போது 10 கிராம் அழுத்தம் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைச் சரியாகப் பிடிக்கப் பழகவே நாளாகும்.

முதலில் நோயாளியின் கையிலோ நெற்றியிலோ தொட்டுக் காட்டுங்கள், எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியட்டும். அப்புறம் கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரல் நுனியின் அடிப்பக்கம், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேடு, இந்த மூன்று இடத்தில் பாருங்கள். இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்தி, ஒன்றிரண்டு நொடியில் எடுத்துவிட வேண்டும். தடவக் கூடாது. காய்ப்பு உள்ள இடத்தில் வைக்கக் கூடாது, தோல் தடித்திருப்பதால் யாருக்குமே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை கேளுங்கள், அதில் ஒருமுறை தொடாமலேயே "தெரியுதா?" என்று கேளுங்கள். "தெரியுது, தெரியுது" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். டாக்டரம்மா மனம் கோணக் கூடாது என்று தெரிவதாகச் சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இழையும் களைத்துப் போகும். பத்துப் பேருக்குப் பார்த்த பிறகு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் அழுத்தம் மாறிவிடும்.

கூடவே 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அதிர்வு உணர்ச்சி. பாதத்தின் மேலும், உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி. நாடி கைக்குக் கிடைக்கவில்லை என்றால், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் கையடக்க டாப்ளர் கருவி. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்து, 0.9-க்குக் கீழே வந்தால் ரத்த ஓட்டம் குறைவு. 1.3-க்கு மேலே வந்தால் நல்லது என்று சந்தோஷப்பட வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் முக்கியம். புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிட 2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால் சார்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கும், அவரோ அதே காலில் நடந்து வந்திருப்பார். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி விட்டுக்கொண்டு வருபவர்களில் இவர்கள் உண்டு. அந்தக் காலை அன்றைக்கே தரையில் ஊன்றவிடாமல் செய்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அடுத்தது காய்ப்பு சீவுவது. பயமும் ஆர்வமும் சேர்ந்து வரும் பாடம் இது. பிளேடைத் தோலுக்குக் கிட்டத்தட்டப் படுக்கைவசமாகப் பிடித்து, இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய ஏடு ஏடாக எடுக்க வேண்டும். அவசரமே கூடாது. மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது போகப் போக இளஞ்சிவப்பாகி, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். அங்கே நிறுத்துங்கள். நடுவில் கறுப்பாகவோ பழுப்பாகவோ புள்ளி தெரிந்தால் அது அழுக்கு கிடையாது, உள்ளே கசிந்து உறைந்த ரத்தம். கீழே புண் தயாராகிக்கொண்டிருக்கிறது. காய்ப்பை எடுத்துவிட்டாலே அந்த இடத்தின் அழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். நகம் வெட்டுவது இதைவிடச் சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனால் வயதானவர்களின் தடித்த, வளைந்த நகத்தில்தான் பொறுமை சோதிக்கப்படும். நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

யாரை எப்போது திரும்ப வரச் சொல்வது என்பதற்கு உலக அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள். இரண்டும் குறைந்திருந்தாலோ, ஒன்று குறைந்து பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள். இவற்றோடு, முன்பே புண் வந்து ஆறியவர் அல்லது விரல் எடுத்தவர் என்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள்.

செருப்பைப் படியுங்கள்

நான் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஒரு செருப்பு தைப்பவரிடம் சில நாள் உட்கார்ந்தால் கிடைக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியமேட்டுத் தோல் கடைகளில் ஷீட், பக்கிள், வெல்க்ரோ எல்லாம் கிடைக்கும். எம்சிஆர் ஷீட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, எது அமுங்கித் திரும்ப எழுகிறது, எது அமுங்கியபடியே கிடக்கிறது என்று தொட்டுப் பழகுங்கள்.

மரத்த காலுக்குப் பின்வார் இல்லாத செருப்பு ஆகாது. ஹவாய் செருப்பு வழியில் கழன்று விழுந்ததே தெரியாமல் வீடு வரை நடந்து வருபவர்கள் உண்டு. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வரும் மாடலும் வேண்டாம், அந்த இடுக்கில்தான் அறுக்கும். எம்.சி. ரோட்டுக் கடையில் வாங்குபவராக இருந்தால் சாயங்காலம் போகச் சொல்லுங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக வரும். "தடிமனா, கறுப்பா, ஆஸ்பத்திரி செருப்பு மாதிரி இருக்கு, கல்யாணத்துக்கு எப்படிப் போட்டுக்கினு போறது" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிறம் மாற்றலாம், வாரின் மேல் டிசைன் போடலாம். போடாத செருப்பு எவ்வளவு நல்ல செருப்பாக இருந்தும் என்ன பயன்?

பேசத் தெரிய வேண்டும்

காப்பித்தூள் வைத்துக் கட்டி வருவார்கள், மஞ்சள் பத்து போட்டு வருவார்கள், மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டி வருவார்கள். கார்ன் கேப்பில் இருப்பது ஆசிட். மரத்த காலில் ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். திட்டினால் அடுத்த முறை நீங்கள் கேட்டாலும் உண்மையைச் சொல்ல மாட்டார். "சரிம்மா, வச்சது வச்சிட்டீங்க, இனிமே புண்ணு வந்தா எதுவும் வைக்காம நேரா இங்க வாங்க" என்றால் போதும். வலிக்கு வெந்நீரில் கால் வைப்பவர்களையும் நிறுத்துங்கள், வெந்தது தெரியாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குனிய முடியாதவருக்கும் கண் சரியாகத் தெரியாதவருக்கும் பேத்தி பார்க்கட்டும். பேத்தியைக் கிளினிக்குக்கு வரவழைத்து, எதைப் பார்க்க வேண்டும் என்று அவளிடமே காட்டிவிடுங்கள். தீமிதிக்கு வேண்டிக்கொண்டவரிடம் "போகாதே" என்றால் கேட்க மாட்டார். மிதிப்பதற்குப் பதில் வேறு என்ன நேர்த்தி செய்யலாம் என்று அவர்கள் வீட்டுப் பெரியவரையே கேட்க வையுங்கள்.

எங்கே கையை எடுத்துவிட வேண்டும்

மருத்துவராக இல்லாதவர் உயிருள்ள சதையில் கத்தி வைக்கக் கூடாது, ஊசி போட்டு மரக்கவைக்கக் கூடாது, ஆன்டிபயாட்டிக் எழுதக் கூடாது. விரல் கறுத்திருந்தால், எலும்பு தட்டுப்பட்டால், சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தால், காய்ச்சலோடு துர்நாற்றம் இருந்தால், நாடியே இல்லையென்றால் நாளைக்கு என்று சொல்லாதீர்கள். அன்றே மருத்துவமனை. நீங்களே போன் போட்டுச் சொல்லி, கையில் ஒரு கடிதமும் கொடுத்து அனுப்புங்கள். வெறும் வாய்ச்சொல்லோடு அனுப்பினால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சொந்தமாக வைப்பதென்றால்

ஆரம்பத்தில் சம்பளம் மற்ற நர்ஸ், பிசியோ சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்காது. சில வருடம் நல்ல இடத்தில் வேலை பார்த்துவிட்டுத் தனியாக வைப்பதே உத்தமம். தரைத்தளமாகப் பாருங்கள். மாடியில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது என்று போனால், வர வேண்டியவர்களால் படியேற முடியாது. சாய்தளம், கால் நீட்டி உட்கார நல்ல நாற்காலி, வெளிச்சம், கருவிகளை நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ். கருவியைக் கொதிக்க வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும், பிளேடுக்கும் பஞ்சுக்கும் மருத்துவக் கழிவு ஏற்பாடு வேண்டும். புண் பார்க்கும் கிளினிக் என்றால் பின்னால் ஒரு மருத்துவர் இருந்தே ஆக வேண்டும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் வாங்குங்கள், நோயாளியின் நாற்காலி மேலே ஏறுவதாக இருந்தால் இன்னும் நல்லது. நாள் முழுக்கக் குனிந்தால் இடுப்பு போய்விடும். பூஞ்சை பிடித்த நகத்தை மெஷினில் தேய்க்கும்போது தூசு பறக்கும், மாஸ்க்கும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

முதல் சில மாதம் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் உள்ள சர்க்கரை டாக்டர்களைப் போய்ப் பாருங்கள், செருப்புக் கடைக்காரரைப் பாருங்கள். மருந்துக் கடைகளை விட்டுவிடாதீர்கள். கார்ன் கேப் கேட்டு வருகிறவரை முதலில் பார்ப்பது அந்தக் கடைப் பையன்தான். "சுகர் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் எடுத்துக் கொடு தம்பி என்று சொல்லி, உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.